இரும்பு ஆட்டுக்கு ஒரு குழல்

1

கனடாவிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் இரண்டு வேலை செய்வதைப் பற்றியும் எழுதி உங்களைக் களைக்க வைத்துவிட்டார்கள். ஆகையால் அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, எங்கள் பதினைந்தாவது கல்யாண நாளுக்கு என் மனைவி மலர் என்னிடம் கேட்ட பரிசைப் பற்றி எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. காலைச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிந்துகொண்டிருந்தது. மலர் குழலிலிருந்து புட்டை வெளியே தள்ளியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இந்தமுறை எனக்குச் சங்கிலி, காப்பு ஒண்டும் வேண்டாம். ஒரு குழல் வாங்கித் தாங்கோ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் புட்டுக்குழல் ஒருமுறை கீழே விழுந்து அடி நசிந்து போனது. அதற்குள்ளிருந்து புட்டு எப்போதும் கொஞ்சம் கூனலாகத்தான் வெளியே வரும். இவ்வளவு மலிவாக ஒரு கல்யாண நாள் கழியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"அதுக்கென்ன, தமிழ்க்கடையிலை சொல்லிவைக்கிறன். அலுமினியமோ, சில்வரோ?"

"உருக்கு. பதினாலு அங்குலம்."

"பதினாலு அங்குலத்திலை அவிச்சால் ஆரப்பா சாப்பிடுறது?"

"புட்டுக்கில்லை. துவக்குக்கு."

பொறுங்கள். என் மனைவியைப் பற்றி அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவளிடம் இருப்பது ஒரேயொரு தோட்டா மட்டும் போடக்கூடிய கைத்துவக்கு. நடுவில் மடித்துத்தான் அதைத் திறக்கவேண்டும். ஒரு ஆணியைத் தட்டிக் கழற்றினால் பிடியை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றலாம். தொலைவில் நிற்கும் மிருகங்களைச் சுடுவதற்கென்று பக்கத்து நாட்டில் செய்தது. ஆனால் இந்த நாட்டிலோ கைத்துவக்கால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படியானால் அதை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

இரும்பில் வெட்டிய மிருகங்களைச் சுடுவார்கள். ஐம்பது மீற்றரில் கோழி, நூறில் பன்றி, நூற்றைம்பதில் வான்கோழி, இருநூறில் ஆடு. கொம்பு வளைந்த செம்மறிக்கடா. எல்லாம் மேடையில் சும்மா நிற்கும். ஓடாது, கத்தாது, யாரிடமும் முறைப்பாடு செய்யாது. விளையாட்டுக்கு ஒரே விதிதான். குண்டு பட்டால் போதாது, அது விழவேண்டும்.

2

இவள் எப்படித் துவக்குப் பக்கம் போனாள் என்பதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நித்திரை வராது.

மலர் சத்தத்துக்குப் பயந்தவள். சும்மா பயமில்லை. இங்கு வந்த புதிதில், கோடையில் ஆற்றங்கரையில் விடும் வாணவெடிக்கு எங்கள் கட்டிலின் கீழே போய்ப் படுத்துக்கொள்வாள். ஊரில் பங்கருக்குள் இருந்த காலத்தில், ஷெல் விழும்போதெல்லாம் அவளுடைய அக்காதான் இரண்டு கையாலும் இவளுடைய காதைப் பொத்திப் பிடிப்பாராம். அந்த அக்காவைத்தான் நான் மச்சாள் என்கிறேன். அவர் இப்போதும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார். மனிதருக்கு இரண்டு கைகள்தானே. மலரின் காதுகளைப் பொத்தியவருக்குத் தன் காதுகளைப் பொத்தக் கை மிச்சமில்லை. இன்றைக்கும் மச்சாளோடு தொலைபேசியில் கதைப்பதென்றால் நாங்கள் கத்திக் கதைக்கவேண்டும்.

மலர் டோர்வல் விமானநிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். நான் அதே டோர்வலில் பெட்டி ஏற்றுகிறேன். அவளோடு வேலை செய்யும் லுசீ என்ற கியூபெக்காரி இரண்டு கோடைக்கு முன்னர் தன்னுடைய சுடும் கழகத்துக்கு மலரை அழைத்துப் போனாள். மலர் சாதுவாகத்தான் போனாள். வேடிக்கை பார்க்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்து, கை கழுவி, சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"இவ்வளவு காலமும் வெடி என்னைக் கேளாமல்தான் வெடிச்சது. இது நான் சொன்னால்தான் வெடிக்குது."

நான் பேனாவை எடுத்து அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். ஆம், இந்த நாட்டில் மனைவி துவக்கு அனுமதி கேட்டால் புருஷனும் கையெழுத்து வைக்கவேண்டும். ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரிப்பதில்லை. கையெழுத்தோடு விட்டார்களா? ஒருநாள் ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். "உங்கள் மனைவி", "பயம்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்கு விளங்கின. மனைவிக்குப் பயமா என்று பகிடி விடுகிறார் என்று நினைத்து, நானும் விட்டுக்கொடுக்காமல், "வி மதாம், துஜூர்!" என்றேன். ஓம் அம்மா, எப்போதும்.

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. அம்மையார் மிகவும் மெதுவான குரலில், இப்போது நான் வீட்டில் பத்திரமாக இருக்கிறேனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் எனக்கு வியர்த்தது. கடைசியில் எங்கள் மகள் ஆரணி தொலைபேசியைப் பறித்து, "என் அப்பா பகிடி விடுவார், ஆனால் அவருக்குப் பகிடி விடத் தெரியாது" என்று அழகான பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். அனுமதி சில மாதம் தாமதமாக வந்தது. அந்தச் சில மாதமும் மலர் எனக்குக் கோப்பி போட்டுத் தரவில்லை.

ஆரணிக்குப் பதினொரு வயது. வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ் கதைக்கமாட்டாள். பேருந்தில் நான் தமிழில் கூப்பிட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். மீன், இறைச்சியையும் விட்டுவிட்டாள். அம்மா சுடப்போகும் இடத்துக்கு ஒருநாளும் வரமாட்டேன் என்று சபதம் வேறு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மட்டும் பிடித்திழுத்து அனுப்புகிறோம். அங்கிருந்து ஒருநாள் ஒரு கேள்வியோடு வந்தாள்.

"அப்பா, துவக்கு எண்டால் ஸ்டார்ட் பண்ணு எண்டு டீச்சர் சொன்னவ. நீங்கள் ஏன் கன்னைத் துவக்கு எண்டுறீங்கள்?"

"எங்கடை ஊரிலை எல்லாம் அதாலைதான் துவங்கினது, பிள்ளை."

"இது பகிடியா, பதிலா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

3

கோழி விழுந்தது, பன்றி விழுந்தது, வான்கோழியும் விழுந்தது. இரண்டு கோடைகளில் மலர் விழுத்தாமல் மிச்சம் விட்டது ஆட்டை மட்டும்தான். அடுத்த கோடையில் ஆடு என்று சொல்லியிருந்தாள்.

அதற்குள் மாரி வந்தது. பனியைப் பற்றி எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஒரேயொரு வசனத்துக்கு மன்னிக்கவேண்டும். மலர் பேருந்துத் தரிப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்டு, அவிழ்த்து, பயிற்சி செய்து, கை பழையபடி கீரை அரியும் நிலைக்கு வந்தது. ஆனால் வசந்தத்தில் முதல்தடவை கழகத்துக்குப் போய் ஒரு வெடி வைத்ததும் துவக்கைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் இருந்த குழல் முப்பது-முப்பது என்று சொல்லப்படும் தோட்டாவுக்கானது. உண்மையில் நீளத் துவக்கில் தோளில் வைத்துச் சுடும் தோட்டா அது. கைத்துவக்கில் போட்டுச் சுட்டால் ஆட்டுக்கு அடிக்கிற அடியில் பாதியை நமக்கும் தரும். முறிந்து பொருந்திய மணிக்கட்டு அதைத் தாங்கவில்லை. அவள் பெட்டியைப் பூட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழற்றி வைத்தாள்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி என்பதை மறைப்பானேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்து, கடைசியில் நம் வீட்டு அலுமாரியிலேயே ஒன்றைப் பூட்டி வைத்திருப்பது எனக்குப் பிடித்த காரியமல்ல. கை சுகமானால் போதும், ஆடு நின்றால் நிற்கட்டும் என்று இருந்தேன்.

பிறகு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். நல்ல வெயில். மலர் தக்காளிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ பாரவண்டியின் இரும்புக் கதவை மேலிருந்து கைவிட்டார்கள். படாரென்று சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், மலரைக் காணவில்லை. தக்காளி மேசைக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். இரண்டு கையும் காதில்.

இரண்டு வருடமாக அவள் அப்படிச் செய்ததில்லை. அதை நான் அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கோடையும் வாணவெடியை அவள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள், நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஆனால் மாற்றம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. கடைக்காரர் பயந்துபோய், "சா வா, மதாம்?" என்று கேட்டார். சுகம்தானே, அம்மா. அவள் எழுந்து, முழங்காலைத் தட்டி, ஒரு தக்காளி கீழே விழுந்ததென்று பொய் சொன்னாள். பேருந்தில் சந்தைப் பையை இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள்தான் அவள் புட்டைத் தட்டியபடி குழல் கேட்டாள். உதை குறைந்த வேறு குழல், வேறு தோட்டா இருந்தால் திரும்பவும் சுடலாம் என்று லுசீ சொன்னாளாம். பதினாலு அங்குலம் என்பதும் லுசீயின் கணக்குத்தான். சங்கிலி கேட்டிருந்தால் நான் நாலு சாக்குச் சொல்லியிருப்பேன். இதற்கு ஒரு சாக்கும் வரவில்லை.

4

துவக்குக் கடை லவாலில் இருந்தது. ஆரணியை மொழிபெயர்ப்புக்காக அழைத்துப் போனோம். "உள்ளே செத்த மானின் தலை இருந்தால் நான் வெளியே நிப்பன்" என்றாள். உள்ளே மூன்று தலைகள் இருந்தன. அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர். என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் முதல்நாளே ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன், ஆனால் அதில் குழலுக்கு என்ன சொல் என்று பார்க்க மறந்துபோனேன். கையால் ஒரு நீளத்தைக் காட்டினேன். "ஆ, அன் கனோன்!" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கனோன் என்றால் பீரங்கி அல்லவா? "நோ, நோ, மிஸியே! பா கனோன்! பெத்தி, பெத்தி!" என்று இரண்டு கையையும் ஆட்டினேன். பீரங்கி வேண்டாம் ஐயா, சின்னது, சின்னது.

"அப்பா!" ஆரணி பல்லைக் கடித்தாள். "குழலுக்குத்தான் கனோன் எண்டு சொல்லுறது. தயவுசெய்து நீங்கள் கதைக்காதேங்கோ."

அதேபோல தோட்டாவுக்கு இங்கே கார்த்தூஷ். தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் போய்க் கார்த்தூஷ் கேட்டால் சிகரெட் பெட்டிகளைக் கட்டாகத் தருவார்கள். கொம்பியூட்டர்க் கடையில் கேட்டால் மை தருவார்கள். பிரெஞ்சுக்காரர் சொற்களை மிச்சம் பிடித்துத்தான் இவ்வளவு பெரிய நாடு கட்டினார்கள் போலும்.

மீசைக்காரர் மேசையில் துணி விரித்து மூன்று குழல்களை வைத்தார். ஒவ்வொன்றையும் எனக்குத்தான் நீட்டினார். நான் ஒவ்வொன்றாக மலர் பக்கம் தள்ளினேன். மூன்றாவதைத் தள்ளியபோது அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு முக்காலியை எடுத்துவந்து மலருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

முதலாவது, இருநூற்றிருபத்து மூன்று என்ற சின்னத் தோட்டாவுக்கானது. உதைப்பதே தெரியாதாம். ஆனால் குண்டு மிகவும் சின்னது, பாரமில்லை. ஆட்டில் படும், ஆடு விழாது. இரண்டாவது, பழைய முப்பது-முப்பதுதான், ஆனால் குழலின் வாய்க்கருகில் துளைகள் போட்டது. புகை மேலே பாய்வதால் உதை குறையும். ஆனால் சத்தம் இன்னும் கூடும். மலர் அதைத் தொடவேயில்லை.

மூன்றாவது ஏழு மில்லிமீற்றர். முதலாவது தோட்டாவின் சின்னப் பித்தளைக் கோதைத்தான் எடுத்து, அதன் வாயை அகட்டி, பாரமான குண்டைப் பொருத்துவார்கள். வெடிமருந்து கொஞ்சம், குண்டு கனம். உதை கைக்குத் தாங்கும், ஆட்டுக்கும் போதும். ஒரே கரைச்சல், இந்தத் தோட்டா கடையில் விற்பனைக்குக் கிடைக்காது, வீட்டில் நாமே செய்யவேண்டும்.

மலர் ஆரணியிடம் சொன்னாள். "அவரைக் கேள், பிள்ளை. இதாலை சுட்டால் ஆடு விழுமோ, இல்லாட்டி யோசிச்சுக்கொண்டு நிக்குமோ?"

ஆரணி கேட்டாள். மீசைக்காரர் தொடையில் அடித்துச் சிரித்துவிட்டு, வயிற்றிலும் தோளிலும் பட்டால் விழும், காலில் பட்டால் யோசிக்கும் என்றார்.

அதே ஏழு மில்லிமீற்றரில் பத்து அங்குலமும் இருந்தது, பதினாலும் இருந்தது. பத்துத்தான் அடக்கமாக இருக்கிறது, பைக்குள் வைக்கவும் வசதி என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். பதினாலின் முன்பக்கம் பாரமாயிற்றே, நோகிற கைக்கு அது எப்படிச் சரிவரும் என்றும் கேட்டேன். மலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நான் என்ன நிண்டுகொண்டே சுடுறனான்? மல்லாக்கப் படுத்து, காலிலை சாய்ச்சு வைச்செல்லோ சுடுறது. பாரத்தைக் கால் தாங்கும். உதை மட்டும்தான் கைக்கு. முன்பக்கம் பாரமெண்டால் அந்த உதையும் துள்ளாது. நீளக் குழலெண்டால் கொஞ்ச மருந்தும் நல்லாய் வேலை செய்யும்."

இப்படி விளக்கமாக அவள் எனக்குக் குழம்பு வைக்கக்கூடச் சொல்லித் தந்ததில்லை. பதினாலு அங்குலத்தை வாங்கினோம். தோட்டா மாறினால் அதையும் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டுமாம். அந்தத் தொலைபேசி அழைப்பை ஆரணியே எடுத்தாள். நான் வேறு அறையில் இருக்கவேண்டும் என்று கட்டளை.

5

கல்யாண நாளன்று மச்சாளை அழைத்தோம். யுத்தநிறுத்தம் வந்தபிறகு லைன் நன்றாகக் கிடைக்கிறது. கிடைத்து என்ன, மச்சாளின் காதுக்கும் கிடைக்கவேண்டுமே.

"தவம், என்ன வாங்கிக் குடுத்தனீங்கள் அவளுக்கு?"

"குழல், மச்சாள்."

"என்ன, குடலோ?"

"குழல்! குழல்!"

"ஓ, குழலோ. பதினைஞ்சு வருசம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டவளுக்கு ஒரு புட்டுக்குழலோ வாங்கிக் குடுக்கிறது? உங்கை தங்கம் விக்கிறதில்லையோ?"

நான் மறுத்துச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகிற தொலைபேசியில் துவக்கு என்று எந்தத் தமிழன் வாய்திறந்து சொல்வான்? அந்தச் சொல்லைத் தொலைபேசியில் சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். கஞ்சன் என்ற பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

தோட்டா செய்யும் வேலை எங்கள் சமையலறை மேசையில் நடந்தது. லுசீ தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் பூட்டித் தந்தாள். ஒரு மாலை, முடிந்த தோட்டாக்களை நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக் கனகண்ணை கதவைத் தட்டினார். அடுத்த கிழமை ஒரு மாதத்துக்கு ஊருக்குப் போகிறவர்.

"தம்பி, கொஞ்சம் ரவை இருக்கே?"

நான் பெட்டியைச் சட்டென்று மூடினேன். நம் ஊரில் தோட்டாவுக்கும் ரவைதான் பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். "என்ன ரவை, அண்ணை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"என்ன ரவையோ? வறுத்த ரவை எண்டால் நல்லம். உப்புமாவுக்கு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவரை உட்காரவைத்து எல்லாக் கதையையும் சொன்னேன். கடையில் நான் பட்ட அவமானத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கதைத்தேன். "பிரெஞ்சிலை குழலுக்குக் கனோன் எண்டு சொல்லவேணும், அண்ணை. கனபேருக்குத் தெரியாது," என்று பெரிய பண்டிதர் மாதிரிச் சொல்லி வைத்தேன். வாய் சும்மா கிடக்காது என்பது இதுதான்.

கனகண்ணை ஊருக்குப் போய் மச்சாளையும் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று நான் கேட்டிருந்ததால் துவக்குப் பற்றி மூச்சு விடவில்லை. என் கஞ்சத்தனம் பொறுக்காத மச்சாள், தங்கச்சிக்கென்று கனமான பித்தளைப் புட்டுக்குழல் ஒன்றை வாங்கி, பழந்துணியில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டார்.

டோர்வலில் சுங்கத்தார் பெட்டியைத் திறந்தார்கள். துணிக்குள்ளிருந்து பித்தளைக் குழாய் ஒன்று வெளியே வந்தது. பிறகு நடந்ததைக் கனகண்ணையே எங்கள் கதிரையில் இருந்து, தேநீரைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பிள்ளை மரியாதையாய்த்தான் கேட்டது தம்பி, இது என்னெண்டு. எனக்கு நீர் சொல்லித் தந்த பிரெஞ்சு ஞாபகம் வந்திட்டுது. கனோன், மதாம், கனோன் எண்டன்."

"ஐயோ அண்ணை."

"விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுப் பேந்தும் பலமாய்ச் சொன்னனான். நாலு பேர் வந்திட்டாங்கள். கடைசியிலை நான் மாக் குழைச்சு, தேங்காய்ப்பூப் போட்டு, அவிச்சு, தள்ளிச் சாப்பிட்டுக் காட்டினனான். வெறுங்கையாலை! ஒரு பொடியனுக்குப் பசி வந்திட்டுது போலை, எங்கை வாங்கலாம் எண்டு கேட்டான்." தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். "இனி எனக்கு நீர் ஒரு பாசையும் சொல்லித் தரவேண்டாம்."

6

ஜூலையில் கழகத்தில் போட்டி. சுடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் தொலைநோக்கியோடு இருந்து, குண்டு எங்கே பட்டது என்று சொல்லவேண்டும். வழக்கமாக லுசீ இருப்பாள். அன்று அவளுக்கு வேலை. நான் இருக்கிறேன் என்றேன். "வெடி கேட்டவுடனை கண்ணை மூடுற ஆள் எப்பிடிப் பாக்கிறது?" என்றாள் மலர். அது உண்மைதான்.

ஆரணி சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். "எல்லாம் இரும்புதானே?" என்றாள். "நிச்சயமாய் இரும்புதானே?"

"இரும்புதான், பிள்ளை."

"சரி. வாறன். ஆனால் அப்பா அங்கை ஒருத்தரோடையும் பிரெஞ்சு கதைக்கக்கூடாது."

நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். மலர் பாயை விரித்து மல்லாந்து படுத்தாள், ஒரு முழங்காலை மடித்து, புதுக்குழலைக் காலில் சாய்த்து. என் மாமியார் இருந்து பார்த்திருந்தால் பொம்பிளைப் பிள்ளை படுக்கிற படுக்கையா என்று கேட்டிருப்பார். காதில் பெரிய மூடி. தலைமாட்டில் ஆரணி, அவளுக்கும் மூடி. இருநூறு மீற்றருக்கு அப்பால் ஐந்து கடாக்கள் வெயிலில் நின்றன.

முதல்முறை சரியாக வரவில்லை. சுடத் தொடங்கக் கட்டளையிடுகிறவர் வேகமான பிரெஞ்சில் ஏதோ கத்தினார். காது மூடிக்குள் மலருக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் மற்றவர்கள் சுடத் தொடங்கிய பிறகுதான் இவள் தொடங்கினாள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஐந்தையும் சுட்டு முடிக்கவேண்டும் என்பதால் அவசரப்பட்டாள். நாலு குண்டு மண்ணில். ஒன்று ஆட்டின் காலில் பட்டது. ஆடு அசைந்தது, யோசித்தது, நின்றுவிட்டது. மலர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நோகிறதா, எழும்பி வந்துவிடுவாளா, பெட்டியைப் பூட்டிவிடுவாளா என்று வாங்கின் நுனிக்கு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் துவக்கைக் கீழே வைக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். ஊரில் இதைப் படித்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அவள் எழும்பவில்லை. விரல்களை மடக்கி விரித்துவிட்டு, அடுத்த தோட்டாவைப் போட்டாள்.

இரண்டாவது முறை. கட்டளைக்காரர் வாயைத் திறப்பதை ஆரணி பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் கத்தினார். அவள் அம்மாவின் காது மூடியை ஒரு விரலால் தூக்கி, அத்தனை கியூபெக்காரருக்கும் நடுவில், முழுக் குரலில் கத்தினாள்.

"அம்மா, துவக்கு!"

எனக்கு உடம்பு முந்திக்கொண்டது. அந்தச் சொல்லை அப்படி யாராவது கத்தினால் நாங்கள் செய்யப் பழகியது ஒன்றுதான். நான் வாங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன். பக்கத்திலிருந்த கிழவர் என் மூக்குக்கண்ணாடி விழுந்ததாக நினைத்துத் தானும் குனிந்து தேடினார்.

மலர் குனியவில்லை. மகள் சொன்ன அர்த்தத்தில் அவள் அதைக் கேட்டாள். துவக்கினாள்.

நான் தலையை நிமிர்த்தியபோது ஒரு கடா பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அது விழுந்த பிறகுதான் டங்கென்ற சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது. "விழுந்திட்டுது! அம்மா, விழுந்திட்டுது!" என்று ஆரணி துள்ளினாள். தமிழில்தான் கத்துகிறாள் என்பதை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லிக் காட்டவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாளே.

அடுத்த ஞாயிறு பித்தளைக் குழலில் புட்டு அவித்தோம். நேராக வந்தது. மச்சாளை அழைத்து, குழல் நல்ல குழல் என்று சொல்ல மலர் தொலைபேசியை எடுத்தாள். எடுத்தவள் வேறு கதையைத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நான் ஒரு ஆட்டை விழுத்தினனான்."

"ஆட்டிறைச்சியோ? புட்டுக்கு நல்லாய் இருக்குமே."

"இல்லையக்கா. சுட்டு விழுத்தினனான். இரும்பு ஆடு. துவக்காலை."

"என்னத்தாலை?"

"துவக்காலை!"

"கேக்கேல்லை, பலமாய்ச் சொல்லு!"

"துவக்கு அக்கா! துவக்கு!" மலர் கத்தினாள். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

மறுமுனையில் மச்சாளின் குரல் மாறியது. கத்தாமல், பக்கத்தில் குந்தியிருக்கும் ஒருத்தியிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"காதை ஆரடி பொத்தினது?"

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானே பொத்திக்கொண்டனான், அக்கா."